இடது கீழ் மடல்

குவோபியோவில் நவம்பர். மூன்றரை மணிக்கே
ஏரி கறுத்துவிட்டது.
ஆறாம் மாடியில் உறை பிரிக்கிறேன்.
குலுக்கிப் போட்டு ஒட்டிவைத்த உறை;
உள்ளே என்ன எண் என்று எனக்கும் தெரியாது,
படுத்திருப்பவருக்கும் தெரியாது.

எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால்
வெள்ளையாய் ஒரு முக்கோணம்,
காற்றில்லாமல் இறக்கிவைத்த படகுப்பாய்.
இடது கீழ் மடல்.
யாரும் படிக்காமல் மடித்துவைத்த மடல் என்றும்
சொல்லலாம். நாங்கள் சொல்வதில்லை.
'சுருக்கம், தரம் மூன்று' என்று எழுதுகிறோம்.

ஒன்று என்றால் அதிரும் அங்கி.
ஐமோ ஹூத்தினன், நாற்பது வருடம்
காட்டில் மரம் அறுக்கும் வண்டி ஓட்டியவர்.
குழாய் இரண்டையும் மாட்டி
பன்னிரண்டு ஹெர்ட்ஸில் வைத்தேன்.
நெஞ்சு குலுங்குகிறது, தாடை குலுங்குகிறது,
மேசைமேல் கிண்ணத்தில் பல்செட் குலுங்குகிறது.
"என் வண்டி இதைவிட மோசம்" என்றவர்
ஐந்தாம் நிமிடம் குறட்டை.
இருபது நிமிட முடிவில் கோழை: இரண்டு கிராம்.
ஆமாம், நிறுக்கிறோம்.
கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு,
இதற்கென்றே வாங்கியது.

இரண்டு என்றால் காற்றடிக் கருவி.
வாயில் குழல். நிமிடத்துக்கு இருநூற்றைம்பது
குட்டிக் குட்டி அடி,
உள்தாழ் போட்ட கதவை
வெளியே நின்று விடாமல் தட்டுவது போல.
நஸ்தேஹோ நகரப் பேருந்து ஓட்டுகிறாள்,
பித்தப்பை போய் மூன்று நாள்.
குழலை எடுக்காமலே மகளுக்கு போன் போட்டாள்.
"சா-ஆ-ஆ-ப்-பி-ட்-டா-யா-ஆ?"
சொல் ஒவ்வொன்றும் வெங்காயம்போல் நறுங்கி விழ
அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிறது.
இவளும் சிரித்தாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு
சிரித்தாள், இருமினாள், மறுபடி இருமினாள்.
கோப்பையில் விழுந்தது
கிளை கிளையாய் ஒரு சின்ன மரம், பழுப்பு நிறத்தில்.
மூச்சுக்குழல் வார்த்த அச்சு.
ஒன்பது புள்ளி நான்கு கிராம்.

படிவத்தில் 'குறுக்கீடு' என்ற கட்டத்தில்
சிரிப்பு என்று எழுதினேன்.
புள்ளிவிவரம் பார்க்கும் யார்மோ கீழ்த்தளத்திலிருந்து கேட்டார்:
"இதை எந்த மாறியில் சேர்ப்பது, தூயிரே?"
தெரியாது என்றேன். அடித்துவிட்டார்.
அவர்மேல் தப்பில்லை.

மூன்று என்றால் பாட்டில்.
ஒரு லிட்டர் பாட்டில், பத்து சென்டிமீட்டர் தண்ணீர்,
ஒரு ரப்பர் குழாய். ஊது. அவ்வளவுதான்.
அங்கியின் விலைக்கு
இந்த வார்டு முழுக்கப் பாட்டிலால் அடுக்கலாம்.
சில்வி தொல்வானென் அதைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
முப்பத்தாறு வருடம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்.
"குழலில் பறவைக்கூடு அடைத்தால்
ஏணி போட்டு ஆளை ஏற்றுவோம்.
நீ எனக்கு விளையாட்டுச் சாமான் தருகிறாய்."
தந்தேன். ஊதினார். பத்து முறை, ஓய்வு, பத்து முறை.

முடிவு வசந்தத்தில் வந்தது.
அறுபத்து மூன்று பேர்; மூன்று வழிக்கும் நடுவே
குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.
கொள்முதல் அலுவலகம் ஒரே வரியில் கேட்டது:
அப்படியானால் எதை வாங்க?

ஐமோவின் மடல் பிரியவே இல்லை.
நான்காம் நாள் குழாய்க்கண்ணாடி இறக்கி
உறிஞ்சி எடுத்தார்கள்.
அட்டவணையில் அவர் 'தோல்வி, ஒன்று'.
வீட்டுக்குப் போகும்போது அந்த அங்கியைக் கேட்டார்,
தூக்கம் நன்றாக வருகிறதாம்.

நான் நினைவில் வைத்திருப்பது ஒரு மாலையை.
சில்வி ஊதுவதை நிறுத்திவிட்டுக்
குழாயை உதட்டிலிருந்து எடுத்தார்.
மூச்சு முட்டுகிறதா என்று ஓடினேன்.
"சுருதி இறங்கியிருக்கிறது" என்றார்,
"காலையில் இதைவிட அரை ஸ்வரம் மேலே இருந்தது."
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
எட்டரை சென்டிமீட்டர்.
ஒன்றரை ஊற்றினேன்.
தலையசைத்து மறுபடி ஊதத் தொடங்கினார்.